கவருக்குள் ஒரு ரூபாய்

கோயம்புத்தூர் கணபதி பக்கத்து லேத் பட்டறைகளில் ஆயுத பூஜை அன்று மதியத்துக்கு மேல் வேலை ஓடாது. காலையிலேயே மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹெட்ஸ்டாக்கில் மாலை போட்டுவிடுவார்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் எல்லாம் கழுவின மேஜையில் வரிசையாக இருக்கும். பொரி, கடலை, அவல், சர்க்கரை. பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் முதலாளி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கவர் கொடுப்பார். உள்ளே எட்டாயிரமோ பத்தாயிரமோ, வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்து. கூடவே, கவரில் ஒட்டாமல் தனியாக, ஒரு ரூபாய் நாணயம்.

"பாத்துச் செலவு பண்ணு கண்ணு. எல்லாத்தையும் பட்டாசுல கரியாக்கிப் போடாதே."

"செரிங்ணா."

அவ்வளவுதான் பேச்சு. நன்றி என்ற சொல் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் வராது. ஆனால் அங்கே நடந்தது நன்றிதான் என்பதில் பட்டறையில் வேலை பார்க்கும் அந்த எட்டுப் பேருக்கும் சந்தேகம் கிடையாது.

அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி இருநூறு பேர் வேலை பார்க்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கும். அங்கே தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் செல்போனில் "போனஸ் கிரெடிட் ஆகியுள்ளது" என்று ஒரு செய்தி வரும். பட்டறைக்காரர் கொடுப்பதைவிடத் தொகை அதிகமாகவே இருக்கலாம். ஆனால் அது வருவதற்குள் கேட் மீட்டிங், பேச்சுவார்த்தை, கறுப்பு பேட்ஜ் எல்லாம் முடிந்திருக்கும். வந்த பிறகு யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைப்பதில்லை. அங்கே அதைக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. எட்டுப் பேர் பட்டறைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

வேலை செய்யும் இடத்தில் நன்றி என்று பேச ஆரம்பித்தால் நம் ஊரில் போனஸில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. முதலாளி மனசு வைத்தால் கிடைக்கும் இனாமாக இருந்தது, நூறு வருஷத்தில் கணக்குப் போட்டு வாங்கும் உரிமையாக மாறியது. மாறிய வழியில் பணம் தப்பித்தது. நன்றி எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தொடங்கலாம். 1917-ல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது ஊரைவிட்டு ஓடிய தொழிலாளர்களைப் பிடித்து வைக்க, மில் முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்க, முதலாளிகள் 20-க்கு மேல் நகரவில்லை. காந்தி 35 என்றார். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர்கள் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா. காந்தி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்து, மத்தியஸ்தத்தில் போய் முடிந்தது விவகாரம்.

பம்பாய்க் கதை இன்னும் நேரடியானது. போருக்குப் பின் லாபம் கொழித்த ஆண்டுகளில் பஞ்சாலைகள் வருஷா வருஷம் ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுத்துவந்தன. 1923-க்குக் கிடையாது என்றார்கள். 1924 ஜனவரியில் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி நார்மன் மக்லியாட் தலைமையில் குழு அமைத்தார்கள். வழக்கப்படியோ, சட்டப்படியோ, நியாயப்படியோ தொழிலாளர்களுக்குப் போனஸில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அது சொல்லிவிட்டது. கொடுத்தது முதலாளியின் பிரியம், நிறுத்துவதும் அவர் பிரியம்.

பிரியத்தால் வருவது பிரியத்தால் நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டவர்கள் அதற்கப்புறம் பிரியத்தைக் கேட்கவில்லை, சூத்திரம் கேட்டார்கள். 1950-ல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் மில் வழக்கில் ஒரு கணக்கு முறையைக் கொடுத்தது: மொத்த லாபத்தில் தேய்மானம், புனரமைப்பு, வரி, முதலீட்டுக்கான வருமானம் எல்லாம் கழித்து மிஞ்சுவதில் தொழிலாளிக்கும் பங்கு. 1955-ல் கான்பூர் மியூர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போனஸ் இனாமும் அல்ல, தள்ளிவைத்த கூலியும் அல்ல என்றது. பிறகு 1961-ல் போனஸ் பற்றி ஆராய ஓர் ஆணையம், 1965-ல் போனஸ் வழங்கல் சட்டம். குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று ஆரம்பித்தது எழுபதுகளில் 8.33 ஆனது. உச்சவரம்பு 20. இப்போது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அது சேர்ந்துவிட்டாலும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை.

8.33 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருஷத்தில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், அவ்வளவுதான். 1924-ல் பம்பாயில் சண்டை போட்ட அதே ஒரு மாதம்.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. இன்றைக்கும் முதலாளிகள் பரிசு கொடுக்க ஏன் யோசிக்கிறார்கள் என்பதற்கு விளக்கம் அதில் இருக்கிறது. கல்கத்தா கம்பெனிகள் துர்கா பூஜைக்குப் 'பூஜா போனஸ்' என்று கொடுத்துவந்தன. லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பண்டிகைக்கானது. இஸ்பஹானி, கிரஹாம் டிரேடிங் என்ற இரண்டு கம்பெனிகளின் வழக்குகள் 1959-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தொடர்ந்து பல வருஷம், விட்டுப்போகாமல், நஷ்டம் வந்த ஆண்டிலும், ஒரே அளவில் கொடுத்திருந்தால் அது வழக்கமாகிவிடுகிறது, வழக்கமாகிவிட்டால் கேட்டு வாங்கலாம் என்று அந்தத் தீர்ப்புகளில் தெளிவானது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் முதலாளியின் வக்கீல் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. இரண்டு வருஷம் கொடுத்ததை மூன்றாம் வருஷமும் அப்படியே கொடுக்காதே. கொடுத்தால் "இந்த ஆண்டுக்கு மட்டும், நிர்வாகத்தின் விருப்பத்தின் பேரில்" என்று எழுதிக்கொடு. ஒருவர் இன்னொருவருக்கு அன்பாகக் கொடுக்கும் பொருளோடு இப்படி ஒரு வரி ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்திலிருந்துதான்.

நம் அலுவலகத் தமிழைக் கவனித்தால் இந்தக் குழப்பம் சொல்லிலேயே தெரியும். அரசாணைகளில் போனஸுக்குப் பெயர் மிகை ஊதியம். தமிழக அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 20 சதவீதம் அறிவிக்கும்போது, 8.33 சதவீதம் மிகை ஊதியம், மீதி 11.67 கருணைத் தொகை என்று பிரித்து எழுதுகிறது. ஒரே மனிதருக்கு, ஒரே நாளில், ஒரே கணக்கில் விழும் பணம். முதல் பகுதி உரிமை, அடுத்த பகுதி கருணை. பணி ஓய்வில் வருவதற்குப் பெயர் பணிக்கொடை. 1972-ன் சட்டம் ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று அதைக் கட்டாயமாக்கி ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் அது கொடைதான். வள்ளல் யாரென்று தெரியவில்லை.

அந்த 20 சதவீதத்தைக் கேட்டதும் வாயைப் பிளக்க வேண்டாம். போனஸ் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு வரம்பு உண்டு: 2015-ல் செய்த திருத்தப்படி மாதம் 7,000 ரூபாய், அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது. மாதம் இருபதாயிரம் வாங்குபவருக்கும் 7,000 வைத்துப் போட்டால் ஆண்டுக்கு 84,000. அதில் 20 சதவீதம் 16,800. செய்தித்தாளில் வருஷா வருஷம் நீங்கள் பார்க்கும் "அதிகபட்சம் ரூ.16,800" இப்படி வந்ததுதான். 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர் அந்தத் திருத்தத்தின் கணக்கிலேயே வரமாட்டார்.

நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சில வருஷம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அப்போதைய போனஸ் விதிகளில் படிவம் சி என்று ஒரு பதிவேடு இருந்தது. பெயர், தகப்பனார் பெயர், வேலை செய்த நாட்கள், சம்பளம், சேர வேண்டிய தொகை. அடுத்த பத்தி: 'பூஜா போனஸ் அல்லது வழக்கப்படியான பிற போனஸ் கொடுத்திருந்தால் அது'. அதைக் கழித்துக்கொள்ளலாம். பண்டிகைக்குப் பிரியமாகக் கொடுத்ததைக் கழிப்பதற்கென்றே ஒரு பத்தி! கடைசியில் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு மரியாதை இருந்தது. நாற்பது வருஷ சர்வீஸ் பிட்டர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தன் தகப்பனார் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

சரி, உரிமையானது நல்லதா கெட்டதா என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: நல்லது. "அந்தக் காலத்தில் முதலாளி குடும்பத்தில் ஒருவர் மாதிரி" என்று பெருமூச்சு விடுபவர்கள் பெரும்பாலும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். படியளக்கிறவர் என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பண்ணையாளுக்கு நெல்லை அளந்து கொடுத்தவருக்கு வந்த பெயர் அது. அளந்தது அவன் அறுத்த நெல். பொங்கலுக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை. அதை வாங்கக் கைகட்டி நின்றான். நன்றி ஒரு பக்கம் மட்டுமே ஓட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதைத் தொழிலாளியிடம் சொல்லாத முதலாளி குறைவு. உப்பை விளைவித்தவனை யார் நினைக்க வேண்டும் என்று அதில் இல்லை.

ஆனால் உரிமை வந்த பிறகு ஒன்று விடுபட்டுப்போனது நிஜம். அது என்ன என்பதை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நடந்த சோதனை நன்றாகக் காட்டுகிறது. செபாஸ்டியன் கூபே, மிஷேல் மரேஷால், கிளெமென்ஸ் புப்பே மூவரும் செய்து 2012-ல் வெளியிட்டது. புத்தக விவரங்களைக் கணினியில் ஏற்ற மாணவர்களைச் சில மணி நேர வேலைக்கு எடுத்தார்கள். மணிக்கு 12 யூரோ கூலி. சிலருக்கு எதிர்பாராமல் 7 யூரோ கூடுதலாகப் பணம். வேறு சிலருக்கு அதே விலையுள்ள தெர்மாஸ் குடுவை, காகிதம் சுற்றி. பணம் வாங்கியவர்களின் வேலை சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. குடுவை வாங்கியவர்கள் சுமார் 25 சதவீதம் அதிகம் செய்தார்கள். குடுவையின் விலையைச் சொன்னாலும் அப்படியே. எது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் பணத்தைத்தான் கேட்டார்கள், மனிதர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று செய்தார்கள், அதுதான் விஷயம். அதே பணத்தை, நோட்டைச் சட்டை மாதிரி மடித்து, நாணயத்தில் சிரித்த முகம் வரைந்து கொடுத்தார்கள். குடுவைக்குக் குறையாத பலன்.

பணமா பொருளா என்பது அல்ல, எனக்காக ஒருவர் உட்கார்ந்து மடித்தாரா என்பதுதான் வித்தியாசம். கணபதி பட்டறைக்காரர் இந்த ஆராய்ச்சியைப் படித்திருக்க மாட்டார். வங்கிக்குப் போய்ச் சலவை நோட்டு வாங்கி, கவர் மேல் பேர் எழுதி, ஒரு ரூபாய் நாணயம் தேடிப் போடும் அவர் மனைவியும் படித்திருக்க மாட்டார்.

அதே ஜெர்மன் குழு கூலியைக் குறைத்தும் பார்த்தது. கூட்டியபோது அசையாத வேலை, குறைத்தபோது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. பம்பாயில் ஏன் ஒன்றரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா என்ன?

சட்டத்துக்கு வெளியே நன்றியைத் தேடிப்போன முதலாளிகளும் இருக்கிறார்கள். சூரத் வைர வியாபாரி சாவ்ஜி தோலக்கியா 2014 தீபாவளிக்கு 491 கார், இன்னும் வீடு, நகை என்று ஊழியர்களுக்குக் கொடுத்தது உலகச் செய்தியானது. 2022 ஏப்ரலில் சென்னையில் கிஸ்ஃப்ளோ ஐந்து பேருக்கு பிஎம்டபிள்யூ கொடுத்தது, அதே வாரங்களில் ஐடியாஸ்2ஐடி நூறு பேருக்கு மாருதி கார் கொடுத்தது. கூடவே இருந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தப் புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி "நம்ம முதலாளியும் இருக்காரே" என்று அழுகை முகம் போடும் ஆயிரம் பேரில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வராமல் இருந்தால் போதும்.

சொல்லால் பாராட்டுவது எல்லாவற்றையும்விட மலிவு, எல்லாவற்றையும்விட அரிது. மேலே இருப்பவரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார். ஒன்று, பாராட்டினால் தலைக்கு மேல் ஏறிவிடுவான். இரண்டு, "நல்லா பண்ணினேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்று அப்ரைசலில் வந்து நிற்பான். இரண்டாவது பயம் நியாயமானது. அப்படி வந்து நிற்பவன் கேட்பதும் நியாயமானது. கீழே இருப்பவருக்கு வேறு சிக்கல். மேனேஜர் நிஜமாகவே ஒரு இக்கட்டில் கைகொடுத்திருப்பார். ஆனால் நாலு பேர் முன்னால் "உங்களாலதான் சார்" என்று சொன்னால் அடுத்த நிமிஷம் ஜால்ரா என்ற பட்டம். சம்பளத்தையும் இன்க்ரிமென்ட்டையும் கையில் வைத்திருப்பவருக்குச் சொல்லும் எந்த நன்றிக்கும் காக்கா பிடிப்பதன் வாடை வந்துவிடுகிறது. அதனால் நாம் செய்வது: அவர் மாற்றலாகிப் போன பிறகு, "அவர் இருந்தப்ப..." என்று ஆரம்பிப்பது. அவர் காதில் அது விழுவதே இல்லை.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைத்தான் அளந்தது. தமக்கு உதவியவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவில் அது இல்லை. அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். நமக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு, மொழியில். குறளில் நன்றி என்பது செய்த உதவிக்குப் பெயர், வாயால் சொல்லும் சொல்லுக்கு அல்ல. இன்றைக்கும் நேருக்கு நேர் "நன்றி" என்றால் மேடையில் மைக் பிடித்தது போலிருக்கும். அலுவலகத்தில் 'தேங்க்ஸ்' என்று போய்விடுகிறது. அதைவிட நெருக்கமானது வேண்டுமென்றால் சுற்றிவளைத்துத்தான் வரும். "நீ கிளம்பு, மீதிய நான் பாத்துக்கறேன்." "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என் அனுபவத்தில் பத்து வருஷத்துக்கு நினைவில் நிற்பவை இவைதான். புள்ளிகள் சேர்த்து பரிசுக் கூப்பன் வாங்கும் பாராட்டுத் திட்டம் ஒன்று எங்களுக்கும் வந்தது. என் கணக்கில் 350 புள்ளி இருந்தபோது அதை மூடிவிட்டார்கள். யார் கொடுத்த புள்ளி என்று ஒன்றுகூட ஞாபகமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. ஒரே கேட்டுக்குள் இன்று இரண்டு வகை மனிதர்கள் நடமாடுகிறார்கள். கம்பெனி ரோலில் இருப்பவர், கான்ட்ராக்டில் வருபவர். பின்னவருக்குப் போனஸ் கொடுக்க வேண்டியது ஏஜென்சி. கொடுத்ததா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்பது குறைவு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம். பீகார்க்காரருக்குப் பெரிய பண்டிகை தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை. அதற்கு ஊர் போய்ச் சேர, கோவையிலிருந்து அவர் ரயில் ஏறும் நாளில் இங்கே போனஸ் பேச்சுவார்த்தையே சில சமயம் முடிந்திருக்காது.

நான் இருந்த கம்பெனியில் தீபாவளி ஸ்வீட் இரண்டு அளவில் வரும். ரோலில் இருப்பவர்களுக்கு அரைக் கிலோ, மற்றவர்களுக்குக் கால் கிலோ. பாக்ஸ் ஒரே டிசைன், ஒரே கடை, உயரம் மட்டும் குறைவு. அதை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு கணக்குப் பிரிவுக்கு, அதாவது எனக்கு. படிவம் சி-யில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த சாயங்காலம், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் வந்தார். ஏழு வருஷமாக அந்த கேட்டில்தான் இருக்கிறார். பாக்ஸைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

"கையெழுத்து எங்க போடணும் சார்?"

"இதுக்குக் கையெழுத்து வேண்டாம்ணா. ஸ்வீட்டுதானே."

மேஜை மேல் விரித்திருந்த பதிவேட்டை ஒரு நொடி பார்த்தார். பக்கத்தில் ஸ்டோர் ஸ்டாக் நோட்டு கிடந்தது. பேனாவை எடுத்தார்.

"பரவால்லீங்க, போட்டுடறேன்" என்று அதன் ஓரத்தில் முழுப் பேரையும் எழுதி, கீழே தேதியும் போட்டுவிட்டுப் போனார்.